பெஞ்சில் பக்கத்து நாற்காலி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் உதவிப் பயிற்சியாளர் ஆவது எப்படி?

கேள்வி: என் தங்கை மகன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒஹாயோவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பள்ளி அணியில் நன்றாக ஆடினான், கல்லூரி அணியில் இடம் கிடைக்கவில்லை. இப்போது கல்லூரிக் கூடைப்பந்து அணியில் உதவிப் பயிற்சியாளர் ஆகப்போகிறேன் என்கிறான். இதற்கு என்ன படிக்க வேண்டும்? சம்பளம் எவ்வளவு வரும்? எத்தனை வருடத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆகலாம்? வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

பதில்:

முதுகலை படித்த காலத்தில் மூன்று பருவங்கள் நான் ஒரு பல்கலைக்கழக அணியின் வீடியோ அறையில் வேலை பார்த்தேன். அப்புறம் வேறு தொழிலுக்கு வந்துவிட்டேன். அன்று என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் இன்றும் பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள், அவர்களோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. அதனால் உள்ளே இருந்து பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பட்டம் வாங்கினாலும் சரி, ஆனால் ஒரு பட்டம் வேண்டும். முதல் சில வருடங்கள் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. எத்தனை வருடம் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. வங்கி வேலையிலோ அரசு வேலையிலோ இருப்பதுபோல் பதவி உயர்வுக்கு வரிசை எதுவும் இங்கே இல்லை. நீங்கள் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது: அவன் யாரிடம் வேலைக்குச் சேரப்போகிறான்? இந்தத் தொழிலில் பெரும்பாலானது அந்த ஒரு பதிலில்தான் தீர்மானமாகிறது.

ஒரு மனிதரின் பாதையைச் சொன்னால் சுலபமாகப் புரியும். டஸ்டி மே என்று ஒருவர். 1990களின் இறுதியில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்த அணிக்காக அவர் ஆடவில்லை, பாப் நைட் என்ற கடுமையான பயிற்சியாளரின் கீழ் மாணவர் மேனேஜராக இருந்தார். மேனேஜர் என்ற சொல்லைக் கேட்டு அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். பயிற்சியின்போது பந்து பொறுக்கிக் கொடுப்பது, தரையில் சிந்திய வியர்வையைத் துடைப்பது, தண்ணீர் நிரப்புவது, துண்டு எடுத்து வைப்பது, ஆட்டக்காரர்கள் எறிந்த பந்துகளில் எத்தனை விழுந்தது என்று குறிப்பது, இதுதான் அந்த வேலை. 2000இல் பட்டம் வாங்கியபின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மறுபடி இந்தியானா என்று அலுவலக, வீடியோ வேலைகள். பிறகு ஈஸ்டர்ன் மிச்சிகனில் உதவிப் பயிற்சியாளர். அங்கிருந்து கென்டக்கி மாநிலத்தின் மரே ஸ்டேட், அலபாமாவில் பர்மிங்காம், 2009இல் லூசியானா டெக். அங்கே 2011இல் மைக் ஒயிட் தலைமைப் பயிற்சியாளரானார். 2015இல் ஒயிட் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது மேயையும் கூடவே அழைத்துப் போனார். 2018இல்தான் ஃபுளோரிடா அட்லாண்டிக் என்ற, பலரும் கேள்விப்படாத ஒரு பல்கலைக்கழகத்தில் மேக்குத் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. பட்டம் வாங்கிப் பதினெட்டு வருடம் கழித்து! 2023இல் அந்த அணி தேசியப் போட்டியின் அரையிறுதியில் ஆடும் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. சான் டியேகோ ஸ்டேட்டிடம் கடைசி நொடியில் விழுந்த ஒரு பந்தால் 72–71 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

இந்தக் கதையில் வெற்றியைவிட அந்த ஊர்களின் பட்டியலைக் கவனியுங்கள். பதினெட்டு வருடத்தில் எத்தனை மாநிலங்கள், எத்தனை முறை வீடு மாற்றியிருப்பார்கள்! பையனுக்குக் கல்யாணம் ஆனபின் அவன் மனைவியும் இதைச் சேர்ந்தே சுமக்க வேண்டும். வீட்டில் பேசும்போது இதைப் பேசுங்கள். சம்பளத்தைவிட இதுதான் பலரை இந்தத் தொழிலிலிருந்து வெளியேற்றுகிறது.

சரி, படிகள் என்னென்ன? முதலில் மாணவர் மேனேஜர். பட்டம் முடிந்ததும் கிராஜுவேட் அசிஸ்டண்ட், சுருக்கமாக ஜிஏ. இது பெரும்பாலும் இரண்டு வருடம். முதுகலைக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் தரும். அதற்குப் பிறகு வீடியோ கோஆர்டினேட்டர், அல்லது ஆபரேஷன்ஸ் டைரக்டர். வீடியோக்காரர் ஆட்டங்களை வெட்டித் துண்டு துண்டாக அடுக்கிவைப்பவர். ஆபரேஷன்ஸ்காரர் விமானம், ஹோட்டல், பஸ், சாப்பாடு, பயிற்சி நேரம் எல்லாம் பார்ப்பவர். இவற்றைத் தாண்டினால்தான் உதவிப் பயிற்சியாளர் என்ற பெயர். உதவியாளர்களில் மூத்தவருக்கு அசோசியேட் ஹெட் கோச் என்ற பட்டம் கிடைக்கும்.

நீண்ட காலமாக இதில் ஒரு பெரிய முரண் இருந்தது. டிவிஷன் ஒன் எனப்படும் முதல்நிலைப் பிரிவில், பயிற்சியாளர் என்ற பதவி இல்லாத ஊழியர் மைதானத்தில் ஆட்டக்காரருக்கு எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி. அதாவது வீடியோ அறையில் ஐந்து வருடம் உட்கார்ந்தவருக்கு ஆட்டத்தின் நெளிவு சுளிவு எல்லாம் தெரிந்திருக்கும், ஆனால் ஒரு பையனை நிறுத்தி “காலை இப்படி வை” என்று சொல்லிப் பழகியிருக்க மாட்டார். 2023 ஜூலையில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. அதுவரை ஒரு அணிக்கு மூன்று உதவிப் பயிற்சியாளர்கள்தான். அதை ஐந்தாக்கினார்கள். புதிதாக வந்த இரண்டு பேர் மைதானத்தில் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் வெளியூர் போய் ஆள் சேர்க்க அனுமதி இல்லை என்று அப்போது வைத்தார்கள். இளைஞர்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். டிவிஷன் ஒன்னில் ஆண்கள் அணிகள் மட்டும் 350க்கு மேல். எங்கள் காலத்தில் வீடியோ அறையிலேயே தேங்கிப்போன நல்ல மூளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சம்பளத்துக்கு வருகிறேன். பெரிய கான்ஃபரன்ஸ்களில், அதாவது பல்கலைக்கழக அணிகள் தங்களுக்குள் ஆடும் பெரிய கூட்டமைப்புகளில், மூத்த உதவிப் பயிற்சியாளர்கள் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாங்குகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அது பொதுப் பதிவு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிறிய கல்லூரிகளில் ஒரு பள்ளி ஆசிரியர் வாங்குவதுதான் கிடைக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. இந்த இரண்டு நுனிகளுக்கும் நடுவில் இருக்கும் தூரம் மிகப் பெரியது. பையன் மேலே இருப்பவர்களின் தொகையைச் செய்தியில் படித்துவிட்டுப் பேசுகிறானா என்று கேட்டுப் பாருங்கள்.

ராய் வில்லியம்ஸ் என்ற பெயரை அவன் நிச்சயம் கேட்டிருப்பான், வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். அவர் 1978இல் ஒரு பள்ளிக்கூடப் பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டு, அதே வட கரோலினாவில் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 2,700 டாலர். மனைவியும் கைக்குழந்தையும் இருந்த குடும்பம். அணியின் படம் போட்ட காலண்டர்களைக் கடை கடையாக விற்றார். ஸ்மித்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சி பதிவான டேப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் எடுத்துக்கொண்டு நிலையம் நிலையமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பத்து வருடம் அங்கே இருந்தார். மைக்கேல் ஜோர்டன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 1988இல், அந்த ஆண்டின் தேசியச் சாம்பியனான கேன்சஸ், கல்லூரி அளவில் ஒரு நாள்கூடத் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத வில்லியம்ஸை அழைத்தது. டீன் ஸ்மித் கேன்சஸில் படித்தவர், அவர் சொன்ன வார்த்தைக்கு அங்கே மதிப்பு இருந்தது. உங்களுக்கு நான் சொன்ன நான்காவது கேள்வி இதுதான்.

சம்பளம் குறைவாக இருப்பது சந்தை வழக்கம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், ஒரு காலத்தில் அதை விதியாகவே போட்டு வைத்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் என்சிஏஏ செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, ஒவ்வொரு டிவிஷன் ஒன் அணியிலும் ஒரு உதவியாளரை ‘வருமானம் வரையறுக்கப்பட்ட பயிற்சியாளர்’ என்று வகைப்படுத்தியது. படிப்பு வருடத்துக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000, மொத்தம் 16,000. அதற்கு மேல் ஒரு காசு கொடுக்கக் கூடாது. அவர்கள் வேலையோ மற்ற உதவியாளர்களின் வேலையேதான். நார்மன் லா என்ற பயிற்சியாளரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். போட்டியாளர்கள் கூடிப் பேசி ஊழியரின் கூலியை நிர்ணயிப்பது சட்ட விரோதம் என்பது அவர்கள் வாதம். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. 1999இல் என்சிஏஏ 54.5 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கல்லூரி விளையாட்டில் பணம் யாருக்குப் போகிறது என்று இன்று நடக்கும் பெரிய சண்டைகளுக்கெல்லாம் முன்னால் நடந்தது இது. கல்லூரி விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஏன் அதிகம் நினைவுகூர்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. உதவிப் பயிற்சியாளர்கள் தங்களுக்காக எழுந்து நின்ற ஒரு தருணம் அது.

இனி அன்றாட வேலை. தொலைக்காட்சியில் பார்க்கும்போது தலைமைப் பயிற்சியாளர் கத்துகிறார், பக்கத்தில் நாலைந்து பேர் கோட்டுப் போட்டோ பனியன் போட்டோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும். அந்த நாலைந்து பேருக்குள் எதிரணிகள் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பருவத்தில் முப்பதுக்குச் சற்று மேல் ஆட்டங்கள். மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பத்துச் சொச்சம். “இது யாருடைய ஸ்கவுட்?” என்று கேட்பார்கள். உங்கள் ஸ்கவுட் என்றால், அந்த எதிரணியைப் பற்றி அறையில் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது.

எதிரணி கடைசியாக ஆடிய ஐந்தாறு ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். அவர்கள் பயிற்சியாளர் முஷ்டியைக் காட்டினால் என்ன ஆட்டம், நெற்றியைத் தொட்டால் என்ன ஆட்டம் என்று பிடிப்பீர்கள். அவர்களுடைய பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவன், இடது பக்கம் போனால் கடைசி வரை போவானா, பாதியில் நின்று எறிவானா? டைம் அவுட் முடிந்து வந்ததும் முதலில் என்ன ஆடுவார்கள்? கூடைக்குப் பின்னால் உள்ள பேஸ்லைன் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடும்போது யாரைத் தேடுவார்கள்? இருபது மணி நேரம் பார்த்ததைப் பத்துப் பன்னிரண்டு நிமிட வீடியோவாகச் சுருக்க வேண்டும், ஏனென்றால் பத்தொன்பது வயதுப் பையன்கள் அதற்கு மேல் தாங்க மாட்டார்கள். அதிலும் அவர்கள் மனதில் நிற்கப்போவது மூன்றே விஷயங்கள். எந்த மூன்று என்று தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையின் உச்சம். என்னோடு இருந்த ஒரு உதவிப் பயிற்சியாளர் நாற்பது பக்கக் குறிப்பு எழுதுவார், ஆட்டக்காரர்களிடம் ஒரே ஒரு தாள் கொடுப்பார். மீதி முப்பத்தொன்பது பக்கமும் ஆட்டத்தின்போது அவர் தலையில் இருக்கும். எதிரணிக்காரர் ஒரு கையைத் தூக்கியதும் இவர் எழுந்து நின்று ஆட்டத்தின் பெயரைக் கத்துவார், நம் பையன்கள் முன்கூட்டியே நகர்ந்து வழியை மறிப்பார்கள். அப்படி ஒரு பந்து பறிபோகும்போது பெஞ்சில் வரும் சந்தோஷத்தை நான் வேறு எந்த வேலையிலும் கண்டதில்லை.

இது போக, தனிப்பட்ட பயிற்சி. காலை ஆறு மணிக்கு ஒருவன் எறிந்து பழக வேண்டும் என்பான், இரவு பத்து மணிக்கு இன்னொருவன். பந்தை எடுத்துக் கொடுக்கிறவர் உதவிப் பயிற்சியாளர். பையனுக்கு வீட்டில் பிரச்சினை, பரீட்சையில் தோல்வி, காதலில் சண்டை என்றால் முதலில் வந்து சொல்வதும் அவரிடம்தான். தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லப் பயப்படுவார்கள். எதை மேலே கொண்டுபோக வேண்டும், எதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பக்குவம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

ஆனால் வேலை கிடைப்பதும் போவதும் பெரும்பாலும் மூன்றாவது விஷயத்தால்: ரெக்ரூட்டிங், அதாவது பள்ளியிலிருந்தும் மற்ற கல்லூரிகளிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவது. ஜூலை மாதத்தில், பள்ளிக்கு வெளியே இயங்கும் கிளப் அணிகளின் போட்டிகள் நடக்கும் கூடங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் எட்டுப் பத்து மைதானங்கள், ஓரத்தில் வரிசை வரிசையாகப் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட சட்டையோடு பயிற்சியாளர்கள். பல நாட்களில், தேடி வந்த பையனோடு ஒரு வார்த்தை பேசக்கூட விதி அனுமதிக்காது. அதனால் அவன் கண்ணில் படும்படி உட்கார்ந்திருப்பதே வேலை. நம் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று கண்டுபிடிப்பதுபோல, அந்த வீட்டில் முடிவெடுப்பவர் அம்மாவா, பாட்டியா, கிளப் பயிற்சியாளரா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் நான் மிகவும் மதிப்பவர் டாமி லாயிட். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் கொன்சாகா என்ற சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். பெரிய நகரங்களின் புகழ்பெற்ற பையன்கள் அந்தக் குளிருக்கு ஏன் வரப்போகிறார்கள்? லாயிட் கடல் தாண்டித் தேடினார். பிரான்ஸிலிருந்து ரோனி துரியாஃப், போலந்திலிருந்து கர்னோவ்ஸ்கி, லித்துவேனியாவின் சபோனிஸ், ஜப்பானிலிருந்து ருய் ஹாச்சிமுரா என்று வந்தார்கள். உதவிப் பயிற்சியாளராகவே இருபது வருடம் தலைமைப் பயிற்சியாளர் மார்க் ஃபியூவின் பக்கத்து நாற்காலியில் இருந்துவிட்டு, 2021இல் அரிசோனாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். முதல் பருவத்திலேயே 33 வெற்றி, 4 தோல்வி. மற்றவர்கள் பார்க்காத இடத்தில் தேடிய ஒருவரின் உழைப்பு அது.

இந்தப் பக்கத்துக்கு இருட்டும் உண்டு. 2017 செப்டம்பரில் எஃப்பிஐ நான்கு உதவிப் பயிற்சியாளர்களைக் கைது செய்தது. ஆபர்ன், அரிசோனா, ஓக்லஹோமா ஸ்டேட், தெற்கு கலிஃபோர்னியா ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள். ஆட்டக்காரர்களைக் குறிப்பிட்ட நிதி ஆலோசகர்களிடம் அனுப்பிவைக்க லஞ்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு, நால்வருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த வழக்கில் கைதான தலைமைப் பயிற்சியாளர் ஒருவரும் இல்லை. அவர்கள் செய்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் “எப்படியாவது அந்தப் பையனைக் கொண்டுவா” என்ற அழுத்தம் எங்கே வந்து இறங்குகிறது என்பதை உங்கள் பையன் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வலியும் இருக்கிறது. ஆட்டக்காரர்களில் பெரும்பான்மை கறுப்பின இளைஞர்கள். கறுப்பினப் பயிற்சியாளர்கள் பலரை ‘நல்ல ரெக்ரூட்டர்’ என்று முத்திரை குத்தி, வியூகம் வகுக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் பழக்கம் பல காலமாக உண்டு. அப்புறம் தலைமைப் பொறுப்புக்கு ஆள் தேடும்போது “அவருக்கு ஆட்டம் வகுக்கும் அனுபவம் இல்லையே” என்பார்கள். நம் பையனுக்கு வேறு ஒரு முத்திரை காத்திருக்கும். இந்தியப் பெயரைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் முன்னால், புள்ளிவிவர மூலையில் உட்கார வைக்கப் பார்ப்பார்கள். என்னையும் அப்படித்தான் உட்கார வைத்தார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதனால் எழுந்து வரவில்லை. பயிற்சியாளர் ஆக விரும்புகிறவன் முதல் வருடத்திலேயே அந்த மூலையிலிருந்து எழுந்து மைதானத்துக்கு வர வேண்டும்.

மார்ச் மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. வெளியே இருப்பவர்களுக்கு மார்ச் என்றால் 68 அணிகளின் தேசியப் போட்டி, கொண்டாட்டம். உதவிப் பயிற்சியாளர்களின் வீடுகளில் அது மியூசிக்கல் சேர் ஆட்டத்தில் பாட்டு நிற்கும் மாதம். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் அவருக்கு ஒப்பந்தப்படி பெரிய தொகை கிடைக்கும். உதவியாளர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. புதிதாக வருகிறவர் தன் ஆட்களோடு வருவார். எனது மூன்றாவது பருவம் அப்படித்தான் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூட்டம் என்று அழைத்தார்கள், பத்து நிமிடத்தில் முடிந்தது. முந்தின வாரம் வரை விடியற்காலை இரண்டு மணிக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அட்டைப்பெட்டியில் குடும்பப் படங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்கவுட் செய்த ஆட்டங்களில் நாங்கள் தோற்றது குறைவு. அதை யாரும் கேட்கவில்லை.

மார்ச் முடிந்து ஏப்ரல் பிறக்கும் நேரத்தில், கடைசி நான்கு அணிகள் ஆடும் நகரத்திலேயே பயிற்சியாளர்கள் சங்கத்தின் மாநாடும் நடக்கும். வேலை தேடுகிற இளைஞர்கள் ஹோட்டல் வரவேற்பறைகளில் நின்றுகொண்டே மூன்று நாள் கழிப்பார்கள். நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். அங்கே முகம் காட்டியதால் வேலை கிடைத்தவர்களைவிட, ஏற்கனவே தங்களோடு வேலை பார்த்த ஒருவர் போனை எடுத்துப் பேசியதால் கிடைத்தவர்களே அதிகம்.

அதனால்தான் கல்லூரியின் பெயரைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்துச் சேரச் சொல்கிறேன். நல்ல தலைமைப் பயிற்சியாளர் தன் உதவியாளர்களுக்குப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பார், அவர்கள் போகும் நாளில் அவர்களுக்காகப் பேசுவார். ஒருவரிடம் சேரும் முன் அவரிடம் முன்பு வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். டியூக் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மைக் ஷஷெவ்ஸ்கியிடம் வேலை பார்த்தவர்களைப் பாருங்கள்: டாமி அமாகர் ஹார்வர்டில், கிறிஸ் காலின்ஸ் நார்த்வெஸ்டர்னில், ஜான் ஷையர் 2022இல் அவருடைய நாற்காலியிலேயே. ஷஷெவ்ஸ்கியும் ஒரு பருவம் பாப் நைட்டின் உதவியாளராக இருந்தவர்தான்.

பிராட் ஸ்டீவன்ஸ் கதை நம் வீடுகளில் நடந்தால் பெரிய ரகளை ஆகியிருக்கும். டிபா என்ற சிறிய கல்லூரியில் பொருளாதாரம் படித்து, எலை லில்லி மருந்து நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தவர். 2000இல் அதை விட்டுவிட்டு பட்லர் பல்கலைக்கழக அணியில் சம்பளமில்லாத வேலைக்குப் போனார். சீக்கிரமே முழுநேர வேலையானது, பிறகு உதவிப் பயிற்சியாளர், 2007இல் முப்பது வயதில் தலைமைப் பயிற்சியாளர். 2010, 2011 இரண்டு வருடமும் அந்தச் சிறிய பல்கலைக்கழகம் தேசிய இறுதி ஆட்டத்தில் நின்றது. 2013இல் என்பிஏ தொழில்முறை அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் அவரை அழைத்தது. ஏழு வருடத்தில் ஏறியவர் இவர், பதினெட்டு வருடத்தில் ஏறியவர் மே. எத்தனை வருடம் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். ஏறாமலே ஓய்வு பெறுகிறவர்கள்தான் பெரும்பான்மை.

அப்படி ஓய்வு பெறுவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. பில் கத்ரிட்ஜ் 1967 முதல் 1997 வரை முப்பது வருடம் டீன் ஸ்மித்தின் உதவியாளராக இருந்தார். உயரமான ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் வல்லவர். 1997 அக்டோபரில், பருவம் தொடங்கவிருந்த நேரத்தில் ஸ்மித் திடீரென்று ஓய்வை அறிவித்தார். அறுபது வயதில் கத்ரிட்ஜ் பொறுப்பேற்றார். முதல் பருவத்தில் 34 வெற்றி, மூன்று பருவங்களில் இரண்டு முறை கடைசி நான்கு அணிகளில் ஒன்று, அப்புறம் ஓய்வு. கனெக்டிகட் பெண்கள் அணியில் கிறிஸ் டெய்லி 1985 முதல் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவின் பக்கத்திலேயே இருக்கிறார். 2025 வரை அந்த அணி வாங்கிய 12 தேசியப் பட்டங்களிலும் அவர் உழைப்பு இருக்கிறது. தலைமைப் பொறுப்பு வேண்டும் என்றால் எத்தனையோ இடங்கள் அவருக்குத் திறந்திருக்கும். இரண்டாவது நாற்காலியை ஒரு முழு வாழ்க்கைப் பணியாக அவர் எடுத்துக்கொண்டார். 2018இல் பெண்கள் கூடைப்பந்துக்கான புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

இப்போது தொழிலே மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பட்டியல் அது. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே வீரர்களுக்குப் பணம் பகிர்ந்து கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். முன்பு ஒரு பையனை மூன்று வருடம் பின்தொடர்ந்து, வீட்டுக்கு நாலு தடவை போய்க் கொண்டுவந்தார்கள். இப்போது பருவம் முடிந்த சில வாரங்களில் பாதி அணி கிளம்பிவிடும், அதற்குள் புதிய பாதியைப் பிடிக்க வேண்டும். இதற்கென்றே ஜெனரல் மேனேஜர் என்ற புதிய பதவி முளைத்திருக்கிறது. டியூக் 2022இலேயே நைக்கி நிறுவனத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தது. 2025இல் என்பிஏ நட்சத்திரம் ஸ்டெஃப் கரி தான் படித்த டேவிட்சன் கல்லூரிக்கு உதவி ஜெனரல் மேனேஜர் ஆனார். கணக்கும் ஒப்பந்தமும் பிடித்தவன் என்றால் உங்கள் பையனுக்கு இது இன்னொரு வழி. கற்றுக்கொடுப்பதில்தான் அவனுக்கு ஆசை என்றால் இந்தப் பதவி ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

அவன் என்ன செய்யலாம்? ஜிஏ வேலைக்குப் போகும் சமயத்தில் இரண்டு விதமான அழைப்புகள் வரும். ஒன்று, பெரிய பல்கலைக்கழகத்தின் வீடியோ அறை. இன்னொன்று, டிவிஷன் டூ, டிவிஷன் த்ரீ என்ற கீழ்நிலைப் பிரிவுகளில் அல்லது இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியில் சின்னச் சம்பளத்துக்கு உதவிப் பயிற்சியாளர். இரண்டாவதில் வேனை அவனே ஓட்டுவான், சீருடையை அவனே துவைப்பான், ஆனால் பயிற்சியின் ஒரு மணி நேரத்தை அவனிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இதில் நல்லவர்களே இரண்டு பக்கமும் வாதிடுவார்கள். என் ஓட்டு சின்னக் கல்லூரிக்கு. பெரிய பெயர் ஒரு கதவைத் திறக்கும் என்பது உண்மைதான், ஆனால் உள்ளே போனபின் நின்று கற்றுக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதுவரை, இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. கோடையில் பல்கலைக்கழகங்கள் சிறுவர்களுக்கு நடத்தும் முகாம்களில் வேலை கேட்கலாம், பத்து வயதுக் குழந்தைக்கு லே-அப், அதாவது ஓடிவந்து கூடைக்கு அருகில் பந்தைப் போடுவது, சொல்லிக்கொடுத்துப் பார்த்தால் தனக்கு இது பிடிக்கிறதா என்று மூன்றே நாளில் தெரிந்துவிடும். ஆட்ட வீடியோவை வெட்டி அடுக்கும் மென்பொருளைப் பழகலாம். ஆண்கள் அணியின் மேனேஜர் இடத்துக்குப் போட்டி இருக்கும், அதையும் கேட்கட்டும். ஆனால் பலருக்குத் தோன்றாத ஒரு வழி இருக்கிறது. பெண்கள் அணிகள் தங்கள் பயிற்சியில் எதிராக ஆட, ஆண் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும். பள்ளி அளவில் நன்றாக ஆடியவன் என்றால் அவனைப் போன்றவர்களைத்தான் தேடுவார்கள். எதிரணியின் ஆட்டங்களை ஒவ்வொரு வாரமும் கற்று, அவர்களைப்போலவே ஆடிக் காட்ட வேண்டும். ஒரு ஸ்கவுட் எப்படி உருவாகிறது என்பதை உள்ளே நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அவன் கல்லூரியின் பெண்கள் அணி அலுவலகத்தில் ஆபரேஷன்ஸ் டைரக்டர் யார் என்று பார்த்து, நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். செப்டம்பர் கடைசியில் முறையான பயிற்சி தொடங்கிவிடும், வகுப்புகள் திறந்த முதல் வாரத்திலேயே போய்விடட்டும்.